முந்தத் தெரியாதவள்

ஜூலை 6, ஞாயிறு

எட்வின் சார் எங்கள் எல்லாரையும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அன்றன்றைக்கு எவ்வளவு ஓடினோம், எப்போது தூங்கினோம், வயிறு சரியாக இருந்ததா என்று அதில் எழுத வேண்டும். வாராவாரம் அவர் வாங்கிப் பார்ப்பார். அதை அந்த நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இது வேறு நோட்டு. பயமாக இருக்கிறது என்பதையும் எங்கேயாவது எழுதித் தொலைக்க வேண்டுமே.

விளையாட்டு விடுதிக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. திருச்சி வெயில் எங்கள் விளாத்திகுளம் வெயிலுக்குத் தங்கச்சிதான், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆட்கள்தான் பயமுறுத்துகிறார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் என்னையும் சேர்த்து ஏழு பெண்கள். மற்ற ஆறு பேரும் போன வருஷமே இங்கே இருந்தவர்கள். என் பெயரைக் கேட்டதும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு முப்பிடாதி உண்டு, அங்கே யாரும் சிரித்ததில்லை. மத்தியானத்துக்குள் என்னை "முப்பி" ஆக்கிவிட்டார்கள். போகட்டும்.

என் அறையில் இன்னொருத்தி கௌசிகா அக்கா. நான் பிளஸ் ஒன், அவள் பிளஸ் டூ. நாமக்கல் பக்கம். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சட்டதிட்டம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். "இது என்ற கட்டிலு. ஃபேனுக்கு நேரா இருக்கற எடமும் என்றதுதான். நீ அந்த மூலைக்குப் போயிக்க. கொசு கடிச்சா என்னைய எழுப்பாத." நல்ல வரவேற்பு.

சாயங்காலம் எட்வின் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "புதுசா வந்தவங்களுக்கு நவம்பர் வரைக்கும்தான்மா டைம். மாநில கிராஸ் கன்ட்ரிக்கு இங்கேருந்து ஆறு பேர் ஓடுவாங்க. நீ அந்த ஆறுல இருக்கணும். அங்க போயி முதல் முப்பது இடத்துக்குள்ள வரணும். வரலேன்னா டி.சி.ய வாங்கிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். நான் கெட்டவன் இல்லம்மா. இந்த சீட்டுக்கு வெளிய எத்தனையோ பேர் நிக்கறாங்க."

ஏழு பேர், ஆறு இடம். இதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

ஜூலை 7, திங்கள்

கடைசி.

ஊரில் கண்மாய்க் கரையில் ஓடும்போது எனக்கு முன்னால் ஆளே இருக்காது. பள்ளிக்கூடப் போட்டி, வட்டாரப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாவற்றிலும் விசில் ஊதியதும் முன்னால் போய்விடுவேன். பின்னால் யார் வந்தார்கள் என்பதே ஓடி முடித்த பிறகுதான் தெரியும். இன்று எனக்கு முன்னால் ஆறு முதுகுகள், வியர்வையில் நனைந்த ஆறு பனியன்கள். காலையில் ஓடிய தூரம் முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டு ஓடினேன். அழுகை வந்தது. ஓடும்போது அழுதால் மூச்சு கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

மறுபடியும் கடைசி. சாக்ஸ் துவைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் மேடம் எங்கள் போனை எங்களிடம் தருவார். அம்மா எடுத்ததும் கேட்டது, "ஏட்டி, அங்க சோறு என்ன போடுதாவ?" தினமும் முட்டை உண்டு என்றதும் அவள் கவலையில் பாதி தீர்ந்தது. பிறகு அப்பா வாங்கினார். அப்பா மினி பஸ்ஸில் கண்டக்டர், ஊர்ச் செய்தி எல்லாம் அவர் வழியாகத்தான் போகும்.

"நம்ம பஸ் ஸ்டாப்புல ஒனக்கு பிளெக்ஸ் வச்சிருக்கு, தெரியுமா? ஒங்க மாமன் வேலைதான். வாரவன் போறவன் எல்லாம் எங்கிட்ட கேக்கான், ஒம் மவ எப்பம் டீவியில வருவான்னு."

படத்தையும் அனுப்பியிருந்தார். "கரிசல் மண்ணின் தங்க மங்கையே, தரணி வெல்ல வா!" என்று போட்டிருக்கிறது. நடுவில் மாமா, வெள்ளைச் சட்டையில் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். நான் ஓரத்தில் பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு இருக்கிறேன். எந்தத் தரணியை வெல்வது? ஏழு பேரில் ஏழாவது வருகிறேன். திருப்பி அனுப்பிவிட்டால் அந்த பிளெக்ஸுக்குக் கீழேதான் பெட்டியோடு இறங்க வேண்டும்.

"நல்லா ஓடுதேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

என் வியாதி என்னவென்று இன்று தெரிந்துவிட்டது.

வரிசை ஓட்டம் என்று ஒன்று வைத்தார் சார். ஏழு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஓட வேண்டும். விசில் ஊதினால் கடைசியில் இருப்பவள் எல்லாரையும் தாண்டி முதலில் வந்து நிற்க வேண்டும். என் முறை வந்ததும் வேகம் எடுத்தேன். எனக்கு முன்னால் இருந்த கௌசிகா அக்காவின் தோள் வரை போனேன். அங்கேயே ஒட்டிக்கொண்டேன். காலில் தெம்பு இருக்கிறது, மூச்சு இருக்கிறது, ஆனால் போக முடியவில்லை. அவள் மூச்சு வாங்கும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. இத்தனை கஷ்டப்பட்டு ஓடுகிறாளே என்று தெரிந்த பிறகு எப்படி விட்டுவிட்டுப் போவது? சார் இரண்டாவது விசில் ஊதினார். மூன்றாவதும் ஊதினார்.

"என்னம்மா, கோயில் கியூவா இது? தாண்டும்மா!"

எல்லாரும் ஓடிக்கொண்டே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஓடியும் என்னைவிட வேகமாக ஓடினார்கள், அதுதான் கொடுமை.

யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து ஓட்டத்தில் ஒருத்தரையும் முந்தியதே இல்லை. தொடக்கத்திலிருந்து முன்னால் இருப்பவளுக்கு முந்துகிற வேலை எங்கிருந்து வரும்? மாவட்டத்தில் முதல் பரிசு வாங்கியவளுக்கு முந்தத் தெரியாது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று கௌசிகா அக்கா செய்த காரியத்தை எழுதவே சிரிப்பு வருகிறது. சோப்பு வாங்க வேண்டும் என்று வார்டனிடம் அனுமதி கேட்டு என்னைச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்கப்பா கண்டக்டருன்னியே, நீ கூட்டத்துல பஸ் ஏறுனதே இல்லியா?"

"அப்பா பஸ்ல தாங்க்கா போவேன். ஷெட்லயே ஏறி ஜன்னல் சீட்ல உக்காந்துருவேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். "உன்ற நோவே அதான் புள்ள."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, கூட்டத்தைக் கேட்க வேண்டாம். "அதுல ஏறி எனக்கும் சேத்து சீட்டுப் புடி" என்று உத்தரவு போட்டுவிட்டு அவள் கடை ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் பஸ்ஸில் படியைக்கூடத் தொட முடியவில்லை. எல்லாருக்கும் வழிவிட்டு நின்றேன், பஸ் போய்விட்டது. இரண்டாவது பஸ்ஸில் ஒரு அம்மாவின் பூக்கூடை என் விலாவில் இடித்தது, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த பஸ்ஸும் போய்விட்டது. மூன்றாவது வந்தபோது பின்னாலிருந்து கௌசிகா அக்கா ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "ஆளப் பாக்காதடி! எங்க இடுக்கு இருக்குதுன்னு பாரு, அதுல போ!"

தோளைக் கொடுத்து நுழைந்தேன். எப்படி உள்ளே போனேன் என்றே தெரியவில்லை. ஜன்னல் சீட்டில் நான் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்குக் கைக்குட்டை போட்டுவிட்டேன். அவள் ஏறி வந்து உட்கார்ந்து, "ம், மனுசி ஆயிட்ட" என்றாள். ஸ்ரீரங்கம் வரைக்கும் போய் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தோம். சோப்பு வாங்க மறந்துவிட்டோம். தாமதமாக வந்ததற்கு இரண்டு பேருக்கும் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற தண்டனை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வரிசை ஓட்டத்தில் ஆறு பேரையும் தாண்டி முதலில் வந்தேன். சார் இரண்டாவது விசில் ஊத வேண்டியே வரவில்லை. ஆனால் இது பயிற்சிதான். நான் தாண்டினால் அடுத்த விசிலுக்கு அவர்கள் என்னைத் தாண்டுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. நிஜப் போட்டியில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

மதுரையில் ஒரு போட்டி. பல விடுதிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். இத்தனை பெண்களை ஒரே கோட்டில் நான் பார்த்ததில்லை. விசில் ஊதியதும் பழைய புத்தி வந்துவிட்டது. பாய்ந்து முன்னால் போய்விட்டேன். முதல் கிலோமீட்டர் முழுக்க எனக்கு முன்னால் யாரும் இல்லை, ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒருத்தி தாண்டினாள். அப்புறம் மூன்று பேர். அப்புறம் மொத்தமாக. எண்ணுவதை விட்டுவிட்டேன். கௌசிகா அக்காவும் தாண்டினாள். போகிற போக்கில் "எவடி உன்னைய தீவாளி ராக்கெட்டு வுடச் சொன்னது? பின்னாலயே வா" என்றாள். போக முடியவில்லை.

ஐம்பதுக்கு மேல் ஏதோ ஒரு இடம். சார் வேன் திருச்சி வரும் வரை முன் சீட்டிலிருந்து திரும்பவே இல்லை. எங்கள் ஏழு பேரில் ஆறாவதாகக் கௌசிகா அக்கா, ஏழாவதாக நான். என் இடத்துக்கும் எனக்கும் நடுவில் இருப்பது அவள் ஒருத்திதான். இதை எழுதும்போது அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து எனக்கும் பாதி தருகிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கௌசிகா அக்கா மெஸ் அண்ணனிடம் ஐஸ் கேட்டு வாங்கி வந்து வலது பாதத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். சுளுக்கு என்றாள். சுளுக்காக இருக்கும். எனக்கென்ன.

இயற்பியல் பாடம் படிக்க வேண்டும். தலையில் ஏறவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

காலாண்டுத் தேர்வு முடிகிறது. கௌசிகா அக்கா இப்போதெல்லாம் படியில் கடைசியாகத்தான் இறங்குகிறாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாள். நான் வேண்டுமென்று கவனிக்கவில்லை. சத்தத்தில் தெரிகிறது. ஓடும்போது சூடாகிவிட்டால் வலி தெரியாது போலிருக்கிறது, ஆனால் நின்றவுடன் பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். காலையில் எழுந்ததும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறாள். இதெல்லாம் தற்செயலாகக் கண்ணில் பட்டவை.

"டாக்டர்கிட்ட போலாம்லாக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"போனா என்ன சொல்லுவாரு? ஓடாதம்பாரு. எனக்கு இது கடைசி வருசம் புள்ள. மாநிலத்துல ஓடுன சர்டிபிகேட் இருந்தாத்தான் கோயமுத்தூர் காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு. போன வருசம் காச்சல்ல வுட்டுப்போட்டேன். இந்த வருசமும் இல்லீன்னா எங்கப்பன் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்க அனுப்பிருவாரு. முட்டை நாத்தத்துலயே வளந்தவ நான், மறுபடி அதுக்குள்ள போக மாட்டேன்." என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "சார்கிட்ட சொல்லிப்போடாத."

சொல்ல மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

மத்தியானம் எட்வின் சார் அறை வாசலில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு நல்லதுதானே, கால் கெட்டுப் போய்விட்டால் யார் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு போனேன். அவளுக்காகத்தான் போனேன்.

"என்னம்மா?" என்றார்.

"சாக்ஸ் கிழிஞ்சிருச்சு சார்."

"அதுக்கு நான் என்ன தைச்சா தர முடியும்? ஸ்டோர்ல கேளு."

ஸ்டோரில் கேட்டேன். புது சாக்ஸ் தந்தார்கள். பழையதில் ஓட்டையே இல்லை. கௌசிகா அக்கா முகத்தை இன்று முழுக்கப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி.

ஊரில் இருக்கிறேன். பிளெக்ஸ் மழையில் கிழிந்து தொங்குகிறது. மாமா புதுசு அடிக்கப் போகிறாராம், "ஸ்டேட்ல ஜெயிச்சதும் பெருசா வைக்கலாம், இந்த தடவை ஒம் மூஞ்சிய நடுவுல போடுதேன்" என்று எனக்குச் சலுகை வேறு. அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டே என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "எலும்பாப் போயிட்ட. எதுக்குட்டி முழிச்சுக்கிட்டே கெடக்க? ஓட்டம் புடிக்கலைன்னா வந்துரு. நாங்க ஒன்னும் சொல்ல மாட்டோம்." ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான். அதுதான் பயம். இங்கே பிளஸ் ஒன் பாதியில் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து முறுக்கு சுட வேண்டும், அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காலையில் கண்மாய்க் கரையில் ஓடினேன். முன்னால் யாரும் இல்லை. முன்னே இதுதான் பிடிக்கும், இன்று என்னவோ வழி தெரியாத மாதிரி இருந்தது.

நவம்பர் 8, சனி

நாளை தேர்வு ஓட்டம். முதல் ஆறு பேர் மாநிலப் போட்டிக்கு. ராத்திரிச் சாப்பாட்டில் சப்பாத்தி ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. மற்ற ஐந்து பேரும் ஜாலியாகச் சினிமா பேசினார்கள், அவர்கள் இடத்துக்குப் பயமில்லை. கௌசிகா அக்கா பாதத்தில் பட்டைத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "என்ன, அளவெடுக்கறியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு வியர்த்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

தேர்வு ஓட்டம் முடிந்தது. கடைசி வளைவு வரை ஏழாவதாக இருந்தேன். அங்கே கௌசிகா அக்காவைத் தாண்டினேன். ஆறாவது நான். டீமில் இருக்கிறேன்.

போர்வை, இரண்டு பனியன், ஷூ லேஸ் எல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். மெஸ்ஸில் சிக்கன். வெயில் நன்றாக அடித்ததால் துணி எல்லாம் நாலு மணிக்கே காய்ந்துவிட்டது. மடித்து வைத்தேன். இயற்பியல் நோட்டில் படங்கள் வரைந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

அவள் என்னிடம் பேசவில்லை.

நவம்பர் 13, வியாழன்

எட்வின் சாரே கௌசிகா அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பாதத்தில் எலும்பு மெலிதாக விரிசல் விட்டிருக்கிறதாம். மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் என்னிடம் வந்து சொல்கிறார்கள், "அவ எப்படியும் ஓடியிருக்க முடியாது முப்பி, நீ கவலைப்படாத." நான் கவலைப்படுகிறேன் என்று இவர்களிடம் யார் சொன்னது?

அறையில் வேர்க்கடலைத் தோல் கிடக்கிறது. எனக்குப் பாதி வரவில்லை.

நவம்பர் 19, புதன்

பத்து நாள் பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. அவள் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, திட்டணும்னா திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. பேசாம இருக்காதீங்க. நான் உங்களத் தாண்டுனது தப்புன்னா, அப்பம் எதுக்கு எனக்கு பஸ் ஏறச் சொல்லிக் குடுத்தீங்க?"

படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள். "தாண்டுனதுக்கு எவடி கோவிச்சுக்கிட்டா? தாண்டறதுக்குத்தான ஓடறது? தாண்டிப்போட்டுத் திரும்பிப் பாத்தியே, அதெதுக்கு?"



"ஓட்டத்தைக் கொறச்சு, தலையத் திருப்பி, எழவு வூட்டுல பாக்கற மாதிரி ஒரு பார்வை. நானு அப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் எரநூறு மீட்டர் கெடந்துச்சு. உன்னையத் திரும்பப் புடிச்சிருப்பேனோ என்னமோ, யாரு கண்டா? நீ பாத்த பார்வையில என்ற காலு அங்கயே நின்னுபோச்சு. என்னையப் பாத்துப் பாவப்படறதுக்கு நீ யாருடி?"

ஆமாம், திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு இதில் எழுதவில்லை. அவள் கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது, ஒரு கால் சரியாகவும் ஒரு கால் இழுத்தும். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாவம் என்றுதான் பார்த்தேன். நல்ல மனசோடுதான் பார்த்தேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. திட்டினாலும் பேசிவிட்டாள், அது போதும் என்று படுத்தேன்.

நவம்பர் 29, சனி

கோயம்புத்தூர். நாளை காலையில் போட்டி. ஒரு கல்லூரியின் தோட்டத்தில் பாதை போட்டிருக்கிறார்கள். மக்காச்சோள வரப்பு, ஒரு ஓடை, பிறகு ஏற்றம், கடைசியில் நீளமான புல்வெளி. சாயங்காலம் நடந்து பார்த்தோம். கௌசிகா அக்காவையும் சார் கூட்டி வந்திருக்கிறார், பைகளைப் பார்த்துக்கொள்ள. அவள் வரமாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை பேர் சார் ஓடுதாங்க?" என்று கேட்டேன்.

"நூத்தி முப்பதுக்கு மேல. நீ முப்பதைப் பாரு, போதும்."

குளிரில் பல் அடிக்கிறது. குளிர்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

வேன் பாதி வழியைத் தாண்டிவிட்டது, குலுக்கலில் எழுத்து கோணலாக வருகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கௌசிகா அக்கா என் முதுகில் நம்பர் துணியைக் குத்திவிட்டாள், ஊக்கு தோலில் பட்டது, ஸாரி சொல்லவில்லை. விசில் ஊதினார்கள். இந்தத் தடவை நான் பாயவில்லை. கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போனது. எண்பது, தொண்ணூறு பேராவது எனக்கு முன்னால் இருந்திருப்பார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்தாலும் என் வேகத்திலேயே ஓடினேன். சோள வரப்பில் ஆட்கள் திணறத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். மூச்சுச் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே தாண்டினேன். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றாமலும் இல்லை.

ஓடை இறக்கத்தில் எங்கள் எட்வின் சார் தொண்டை கிழியக் கத்தினார், "முப்பத்தி ஆறு! முப்பத்தி ஆறுல இருக்க! போ!" ஏற்றத்தில் பல பேர் நடக்கிற மாதிரி ஆகிவிட்டார்கள். கரிசல் காட்டு மழைச் சேற்றில் ஓடியவளுக்கு இந்த ஏற்றம் பரவாயில்லை. கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழைந்தேன். புல்வெளிக்கு வந்தபோது எந்த இடத்தில் இருக்கிறேன் என்று தெரியாது. கண் இருட்டியது. கால் கழன்று விழும் போல இருந்தது. முடிவுக் கோட்டுக் கொடி தெரிகிறது, ஆனால் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறது.

அப்போதுதான் ஒருத்தி என்னைத் தாண்டினாள். சின்னப் பெண், என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். சிவப்பு பனியன், ஒற்றைச் சடை. தாண்டிப் போனவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் வாய் ஓரத்தில் நுரை தள்ளியிருக்கும், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஐயோ பாவமே, இந்த அக்கா விழுந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று நல்ல மனசோடு ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அடிப் பாவி, நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன், என்னை எதற்கு இப்படிப் பார்க்கிறாய்? அவளைப் பிடிக்க வேண்டும் என்று ஓடினேன். பிடிக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில் வேறு இரண்டு பேரைத் தாண்டியிருக்கிறேன், அவர்கள் யார் என்றுகூடத் தெரியாது.

கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய வழியில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக விட்டு, வந்த இடத்தின் எண் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். நான் பார்க்கவில்லை. கைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து புல்லில் விழுந்தேன். கௌசிகா அக்கா கட்டுக் காலை இழுத்துக்கொண்டு வந்து என் விரல்களைப் பிரித்து அட்டையைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"இருவத்தொம்போது. உன்ற கொறட்டைய இன்னும் நாலு மாசத்துக்கு நான் கேக்கோணும்."

விடுதியிலேயே இருக்கப் போகிறேன். ஊருக்குப் போக வேண்டாம். புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"கடைசில ஒரு குட்டிச்சாத்தான் உன்னையத் தாண்டிப் போச்சே, அத வுட்டுட்டியே."

"தாண்டுனா தாண்டட்டும்க்கா. தாண்டிட்டுத் திரும்பிப் பாத்தாக்கா."

அவள் என் பக்கம் குனிந்தாள். "எப்படிப் பாத்தா?"

"பாவமா."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

"ஓங்கி ஒன்னு வைக்கணும்னு இருந்துச்சு."

சிரிக்க ஆரம்பித்தாள். கட்டுக் காலை நீட்டிக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் டீம் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தேன். இருபது நாள் கழித்து அவள் சிரிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் கன்னத்தை அவள் பக்கம் நீட்டினேன். "அன்னைக்கே வச்சிருக்கலாம்லாக்கா. இப்பமாவது வைங்க."

விளையாட்டுக்குத்தான் நீட்டினேன். பளார் என்று ஒன்று விழுந்தது. காது கொய்ங் என்றது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கண் நிறையத் தண்ணீர் இருந்தது.

"இது நீ பாத்ததுக்கு இல்ல," என்றாள். "தாண்டுனதுக்கு."

நான் கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை. அவள் கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கிவிட்டேன். என் தோளில் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு நடந்தாள், இரண்டு பேரும் வேனுக்குப் போய்ச் சேர வெகு நேரம் ஆனது.